பெயிண்ட் டேங்க் என்ன சொல்கிறது? சிக்னல், அலாரம் பற்றிச் சில குறிப்புகள்

கடையில் போய் ஒரு டப்பா பெயிண்ட் வாங்குறோம். ஆறு மாசம் கழிச்சு, சுவரில் மிச்சம் இருக்கிற ஒரு மூலைக்கு அதே நம்பர் போட்ட இன்னொரு டப்பா வாங்குறோம். இரண்டும் ஒரே நிறமா இருக்கணும்னு எதிர்பார்க்கிறோம், பெரும்பாலும் இருக்கவும் செய்யுது. அது எப்படிங்கிற கேள்வியில் ஆரம்பிச்ச வாசிப்பு என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் வேறு. பெயிண்ட் கலக்கும் டேங்குக்கும் அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓடும் வயர்கள், அந்த வயர்களில் என்ன பேச்சு நடக்கிறது, ஏதாவது தப்பானால் மனுஷனிடம் அதை எப்படிச் சொல்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

எலக்ட்ரிகல் படிக்காதவர்களுக்கும் புரியணும்னு எழுதியிருக்கேன். துறையில் இருக்கிறவங்க முதல் பாதியை வேகமாகத் தாண்டிப் போகலாம். அலாரம் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து நின்று படிங்க.

பெயிண்ட் எப்படிக் கலக்கிறார்கள்

பெயிண்டில் அடிப்படையா நாலு சமாசாரம் இருக்கு. நிறமும் மறைக்கும் தன்மையும் கொடுக்கும் பொடி (பிக்மென்ட், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு), எல்லாத்தையும் பிடிச்சு வைக்கிற பிசின், இளக்கிக் கொடுக்கிற தண்ணீர் அல்லது சால்வென்ட், அப்புறம் நுரை அடக்க, பூஞ்சை வராமல் இருக்க என்று சின்ன அளவில் சேர்க்கிற மருந்துகள்.

முதல் கட்டம் பொடியை உடைச்சுக் கரைப்பது. ரம்பம் போலப் பல் வைத்த வட்டத் தகடு ஒன்று டிஸ்பெர்ஸர் எனும் மிஷினில் வேகமாகச் சுற்றும். எவ்வளவு வேகம்? 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள தகடு நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு விநாடிக்கு சுமார் 21 மீட்டர் வேகத்தில் ஓடுது. மணிக்கு 75 கிலோமீட்டர். கெட்டியான கூழுக்குள்ளே! உரசலில் சூடு ஏறும். அதனால் டேங்கைச் சுற்றி இன்னொரு சுவர் கட்டி, நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஓட விடுவாங்க.

இரண்டாவது கட்டத்தில் அந்தக் கூழை பெரிய டேங்குக்கு மாற்றி, மிச்சப் பிசினும் சால்வென்ட்டும் சேர்த்து மெதுவாகக் கலக்குவாங்க. மூணாவது, நிறம் சரிபார்த்து சாயம் சேர்ப்பது. கடைசியில் வடிகட்டி டப்பாவில் அடைப்பது. இதில் எதை, எவ்வளவு, எந்த வரிசையில், எத்தனை நிமிஷம் என்பதுதான் ரெசிப்பி. நம்ம வீட்டில் ரசம் வைக்கிற மாதிரிதான், ஆனால் கைப்பக்குவம் எல்லாம் எண்ணாக மாறியிருக்கும்.

நாலு வகைப் பேச்சு

இந்த ரெசிப்பியை நடத்துவது பி.எல்.சி. எனும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர். இது 1968-ல் அமெரிக்கக் கார் தொழிற்சாலைக்காகப் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஒவ்வொரு வருஷமும் கார் மாடல் மாறும்போது ஆயிரக்கணக்கான ரிலேக்களை மறுபடி வயர் போட வேண்டியிருந்த தொல்லைக்கு மாற்று கேட்டது. டிக் மோர்லியும் அவர் கூட்டாளிகளும் கொண்டுவந்த பெட்டிக்கு மோடிகான் 084 என்று பெயர். வயரை மாற்றாமல் புரோகிராமை மாற்றினால் போதும் என்பதுதான் அதன் சாதனை.

பி.எல்.சி.க்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. அதுக்குத் தெரிவது நாலே வகை சிக்னல்.

ஒன்று, உள்ளே வரும் ஆம்/இல்லை. மூடி மூடியிருக்கா? மோட்டார் ஓடுதா? வழக்கமா 24 வோல்ட் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை.

இரண்டு, வெளியே போகும் ஆம்/இல்லை. வால்வைத் திற, பம்ப்பை ஓட்டு, ஹூட்டரை அடி.

மூன்று, உள்ளே வரும் அளவு. வெப்பம் எத்தனை டிகிரி, மட்டம் எத்தனை சதவீதம், எடை எத்தனை கிலோ.

நாலு, வெளியே போகும் அளவு. மோட்டார் இவ்வளவு வேகத்தில் ஓடு, தண்ணீர் வால்வு இவ்வளவு திற.

இந்த நாலையும் ஒரு விநாடிக்குள் பலமுறை படிச்சு, கணக்குப் போட்டு, பதில் எழுதிக்கிட்டே இருக்கும். அவ்ளோதான் அதன் வாழ்க்கை.

ஏன் சைபரில் ஆரம்பிக்கவில்லை?

எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடிச்ச யோசனை இது. அளவுகளைச் சொல்லும் சிக்னல் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்ட். டேங்க் காலின்னா 4, முழுசா நிறைஞ்சா 20. பாதி என்றால் 12. கணக்கு சுலபம்: வந்த கரண்டில் 4 கழிச்சு, 16-ஆல் வகுத்தால் போதும். 3000 லிட்டர் டேங்கில் 12 மில்லி ஆம்பியர் வந்தால் 1500 லிட்டர்.

சைபரிலிருந்து 20 என்று வைத்திருந்தால் கணக்கு இன்னும் சுலபமாச்சே, ஏன் 4?

இப்படி யோசிச்சுப் பாருங்க. சைபர் என்றால் டேங்க் காலி என்று வைச்சிருக்கோம். எலி வயரைக் கடிச்சிடுச்சு. கரண்ட் சைபர். பி.எல்.சி. என்ன நினைக்கும்? டேங்க் காலியா இருக்கு, ஊற்று. ஊற்றும். இன்னும் காலி. இன்னும் ஊற்றும். டேங்க் வழிஞ்சு தரையெல்லாம் தின்னர் ஓடும்போதும் திரையில் "காலி" என்றுதான் இருக்கும்.

4-ல் ஆரம்பிச்சால் இந்தக் கதை நடக்காது. காலி டேங்கும் 4 மில்லி ஆம்பியர் அனுப்பியாகணும். "நான் உயிரோடதான் இருக்கேன், என்கிட்டே ஒண்ணும் இல்லை" என்பது 4. "ஆளே இல்லை" என்பது சைபர். இரண்டும் வேற வேற. நாமூர் என்ற ஐரோப்பிய அமைப்பின் பரிந்துரைப்படி 3.8-லிருந்து 20.5 வரை அளவு. 3.6-க்குக் கீழே போனாலோ 21-க்கு மேலே போனாலோ அது அளவே இல்லை, கோளாறு. சென்சாரே தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டுமென்றால், வேணும்னே அந்த எல்லைக்கு வெளியே போய் நிற்கும்.

இதுக்குள்ளே இருக்கிற பாடம் பெரிசு: மௌனத்துக்கு "எல்லாம் நல்லா இருக்கு" என்று அர்த்தம் வரக் கூடாது.

ஆம்/இல்லை சிக்னலிலும் இதே தத்துவம்தான். அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கினால் கரண்ட் போகும் என்று வயர் போடுவதில்லை. அமுக்கினால் கரண்ட் நிற்கும் என்றுதான் போடுவாங்க. எப்பவும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். பொத்தானை அமுக்கினாலும் நிற்கும், வயர் அறுந்தாலும் நிற்கும். இரண்டுக்கும் மிஷின் நின்றுவிடும். மாற்றிப் போட்டிருந்தால், வயர் அறுந்த விஷயம் ஒருத்தர் கை மாட்டிக்கிட்டு பொத்தானை அமுக்குற நிமிஷத்தில்தான் தெரியவரும்.

வால்வுகளிலும் அப்படியே. சால்வென்ட் வால்வு காற்றழுத்தத்தால் திறக்கும், ஸ்பிரிங்கால் மூடும். கம்ப்ரஸர் நின்றுபோனால் தானே மூடிக்கும். குளிர்ந்த தண்ணீர் வால்வு மட்டும் நேர்மாறு: காற்று போனால் திறந்துக்கணும். எது போனாலும் எந்தப் பக்கம் சாய்ந்தால் ஆபத்து குறைவோ அந்தப் பக்கம் சாயும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியா யோசிச்சு வைக்கணும்.

எடை: மூணு மைக்ரோவோல்ட் சமாசாரம்

நிறம் மாறாமல் இருக்கிறதுக்குக் காரணம் எடை. டேங்கை மூணு கால்களில் நிற்க வைச்சு, ஒவ்வொரு காலின் கீழும் ஒரு லோட் செல் வைப்பாங்க. அது ஒரு இரும்புத் துண்டுதான். பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். வளைவை அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிகள் மின்சாரமாகச் சொல்லும்.

எவ்வளவு மின்சாரம்? ஒரு லோட் செல் 2000 கிலோ தாங்கும், மூணும் சேர்ந்து 6000 என்று வைங்க. 10 வோல்ட் கொடுத்தால், முழு 6000 கிலோவுக்கும் திரும்பி வருவது வழக்கமா 20 மில்லிவோல்ட். அப்போ ஒரு கிலோவுக்கு? சுமார் 3.3 மைக்ரோவோல்ட். பக்கத்திலேயே டிஸ்பெர்ஸர் மோட்டாரின் கேபிள் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இரைஞ்சுக்கிட்டு ஓடுது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் காதோடு ரகசியம் சொல்ற மாதிரி. அதனால்தான் லோட் செல் வயரைத் தனிக் குழாயில், கவசம் போட்டு, மோட்டார் கேபிளிலிருந்து தள்ளிக் கொண்டுபோகணும் என்று மின் பொறியாளர்கள் சண்டை போடுறாங்க. இது வீம்பு இல்லை.

டேங்கில் சேருகிற குழாய்கள் விறைப்பா இருந்தாலும் பிரச்சினை. குழாயே டேங்கைக் கொஞ்சம் தாங்கிக்கும், எடை குறைச்சுக் காட்டும். அதனால் கடைசித் துண்டு வளையும் ஹோஸாக இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். 200 கிலோ பிசின் வேணும். எடை 200 காட்டியதும் வால்வை மூடினால், வால்வுக்கும் டேங்குக்கும் நடுவில் காற்றில் இருக்கிறது பிறகுதான் வந்து விழும். 201.5 ஆகிடும். அதனால் 190 வரை வேகமாக ஊற்றி, பிறகு சன்னமாக ஊற்றி, 198.5-லேயே மூடச் சொல்வாங்க. அந்த ஒன்றரை கிலோ எவ்வளவு என்பதை முந்தைய பேட்ச்களைப் பார்த்து பி.எல்.சி. தானே திருத்திக்கிட்டே வரும். பால்காரர் செம்பைச் சாய்க்கிற பக்குவம்தான் இதுவும்.

ஊற்றி முடிஞ்சு, அலை அடங்க சில விநாடி பொறுத்து, மறுபடி எடை பார்க்கும். அனுமதித்த வித்தியாசத்துக்குள் இருந்தால் அடுத்த பொருள். இல்லாவிட்டால் நின்றுவிடும். குறைவா இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். கூடிப்போனால்? ஊற்றினதைத் திரும்ப எடுக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்டணும், அதுக்கு டேங்கில் இடம் இருக்கணும். இந்த முடிவை மிஷினிடம் விடாமல் ஒரு மனுஷனைக் கூப்பிடுவாங்க. கூப்பிடுற அந்தக் குரல்தான் அலாரம்.

"ஓடு" என்று சொன்னால் போதாது

அலாரத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம். டிஸ்பெர்ஸரை ஓட்டச் சொல்லும் முன் பி.எல்.சி. ஒரு பட்டியலைப் பார்க்கும். பாத்திரம் இறுக்கிப் பிடிச்சிருக்கா? தகடு முழுசா உள்ளே இறங்கியிருக்கா? (மேலே இருக்கும்போது சுற்றினால் கூழ் கூரைவரை தெறிக்கும்.) தகடு மூழ்குற அளவு மட்டம் இருக்கா? சால்வென்ட் பெயிண்ட் என்றால் இன்னும் இரண்டு: எர்த் கிளாம்ப் மாட்டியிருக்கா, எக்ஸாஸ்ட் காற்று ஓடுதா?

எர்த் ஏன்? சால்வென்ட் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும். எர்த் இல்லாத டிரம்மில் அது தேங்கி, ஒரு சின்னப் பொறியாகக் குதிச்சால் போதும். டொலுயின் என்ற சால்வென்ட், சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் போனாலே அந்த ஆவி வெடிக்கும் கலவை. அதனால் எர்த் கிளாம்ப் வெறும் கிளிப் இல்லை. அது நிஜமா உலோகத்தைக் கடிச்சிருக்கா என்று தொடர்ந்து அளந்து பார்க்கிற கருவி இருக்கும். அது சரி சொன்னால்தான் பம்ப் ஓடும்.

காற்று ஓடுதா என்பதிலும் ஒரு சூட்சுமம். "ஃபேன் மோட்டாருக்கு கரண்ட் போகுது" என்பதும் "காற்று ஓடுது" என்பதும் ஒன்றில்லை. பெல்ட் அறுந்தால் மோட்டார் ஜோரா சுற்றும், இறக்கை நிற்கும். அதனால் குழாயில் காற்றழுத்த வித்தியாசத்தை அளக்கிற சுவிட்ச்சைத்தான் நம்பணும். கட்டளை கொடுத்ததுக்குச் சாட்சி கட்டளையே ஆகாது. வால்வைத் திறக்கச் சொல்லி ஐந்து விநாடியில் "திறந்துவிட்டேன்" என்ற சிக்னல் திரும்பி வரலையா? அலாரம்.

அலாரம் என்றால் என்ன?

2009-ல் வந்த ஐ.எஸ்.ஏ. 18.2 என்ற தரநிலை அலாரத்துக்கு ஒரு விளக்கம் கொடுக்குது. என் வார்த்தையில் சொன்னால்: கருவிக் கோளாறோ, அளவு பிசகியதோ, வழக்கத்துக்கு மாறான நிலையோ ஏற்பட்டு, *ஆபரேட்டர் காலத்தோடு ஏதாவது செய்தாக வேண்டும்* என்றால், அதை ஒலியாலோ ஒளியாலோ தெரிவிப்பது அலாரம்.

கடைசிப் பாதிதான் முக்கியம். செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் அது அலாரம் இல்லை. "பேட்ச் முடிந்தது", "பம்ப் 2 நின்றது" எல்லாம் செய்தி. பதிவேட்டில் எழுதிக்கலாம். அதுக்காக ஹூட்டர் அடிக்கக் கூடாது.

ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) பேனலில் இருந்த ஹூட்டரின் வாயில் துணிக் கழிவு அடைச்சிருந்ததைப் பார்த்தேன். ஏன்னு கேட்டேன். ஷிஃப்டில் இருந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "அது சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கும் தம்பி, காது போயிடும்" என்றார். திரையைப் பார்த்தால் 40-க்கு மேல் அலாரம் சிவப்பா நின்னுக்கிட்டிருந்தது. அதில் பாதி "மட்டம் குறைவு". பேட்ச் முடிஞ்சு காலி பண்ணின டேங்குகள்! காலியா இருக்க வேண்டிய டேங்க் காலியா இருக்குன்னு நாள் பூரா கத்திக்கிட்டிருக்கு. அந்த அண்ணன்மேல் எனக்குக் குறையே இல்லை. துணியை அடைத்தது அவர். அடைக்க வைத்தது அலாரத்தை வடிவமைத்தவர்.

இதைச் சரிபண்ணும் வழிகள் புதுசா கண்டுபிடிக்க வேண்டியவை இல்லை.

முதலாவது, இடைவெளி. கலக்கும்போது மட்டம் அலையடிக்கும். 80 சதவீதத்தில் அலாரம் என்றால் 79.9, 80.1 என்று மாறி மாறி அடிச்சுக்கிட்டே இருக்கும். 80-ல் அடி, 78-க்குக் கீழே இறங்கினால்தான் அடங்கு என்று வைத்தால் நின்றுவிடும். கூடவே சில விநாடி தாமதமும் வைக்கலாம்.

இரண்டாவது, நிலைமை அறிதல். நிரப்பும்போது மட்டும் "மட்டம் குறைவு" பேசட்டும். காலி செய்யும்போது வாயை மூடிக்கட்டும்.

மூன்றாவது, முதல் குற்றவாளி யார்? எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார் அதிக பாரத்தால் நின்றது. காற்று நின்றது. அதனால் டிஸ்பெர்ஸர் நின்றது. அதனால் ரெசிப்பி நின்றது. அதனால் பம்ப் நின்றது. அரை விநாடிக்குள் ஐந்து அலாரம், காரணம் ஒன்று. எது முதலில் வந்தது என்பதைப் பிடிச்சு வைத்து, அதைத் தனியாகக் காட்டணும்.

நான்காவது, முக்கியத்துவ வரிசை. பரிந்துரை என்னவென்றால், நூறு அலாரத்தில் சுமார் 80 சாதாரணம், 15 நடுத்தரம், 5 மட்டுமே அவசரம். எல்லாமே சிவப்பு என்றால் எதுவும் சிவப்பு இல்லை.

ஐந்தாவது, "பார்த்தேன்" வேறு, "சரியாச்சு" வேறு. ஆபரேட்டர் பொத்தானை அமுக்கினால் சத்தம் நிற்கணும், விளக்கு மின்னுவது நிற்கணும்; ஆனால் கோளாறு தீரும்வரை விளக்கு அணையக் கூடாது. அவசர நிறுத்தத்தை விடுவித்த உடனே மிஷின் தானே ஓட ஆரம்பிக்கவும் கூடாது. மறுபடி ஒருத்தர் வந்து வேணும்னே ஓட்டணும்.

மனுஷனால் எத்தனை அலாரம் தாங்க முடியும்?

தரநிலைகள் சொல்லும் சராசரி: ஒரு ஆபரேட்டருக்கு 10 நிமிஷத்துக்கு ஒன்று. பத்து நிமிஷத்தில் பத்துக்கு மேல் வந்தால் அது வெள்ளம்.

1994 ஜூலை 24, வேல்ஸ் நாட்டில் மில்ஃபர்டு ஹேவன். அங்கே டெக்ஸாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. வெடிப்பதற்கு முந்தைய சுமார் 11 நிமிஷத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரம் 275. கணக்குப் போட்டால் இரண்டரை விநாடிக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். படிக்கவே நேரம் இல்லை, பிறகு எங்கே யோசிப்பது? சத்தம் போதாமல் நடந்த விபத்து இல்லை அது. அலாரம் நிர்வாகம் என்று ஒரு தனிப் படிப்பே வளர்ந்ததுக்கு இந்த விபத்து ஒரு பெரிய காரணம். இங்கிலாந்தின் ஈமுவா 191 கையேடு 1999-ல் வந்தது.

நேர்மாறான கதையும் இருக்கு. 2005 டிசம்பர் 11 விடிகாலை, லண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு. 912-ம் எண் டேங்கில் பெட்ரோல் ஏறிக்கிட்டிருக்கு. மூணு மணி வாக்கில் மட்டம் காட்டும் கருவி ஓர் இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறுது, திரையில் கோடு படுத்திருக்கு. மட்டம் அதிகம், மிக அதிகம் என்ற அலாரங்கள் எல்லாம் அந்த ஒரே கருவியிலிருந்து வருபவை. ஆகவே எதுவும் அடிக்கலை. தனியாக வைத்திருந்த கடைசிப் பாதுகாப்பு சுவிட்ச்சும் வேலை செய்யலை. டேங்க் வழிஞ்சு, ஆவி மேகமாகப் பரவி, காலை ஆறு மணிக்கு வெடித்தது.

கவனிங்க: இங்கே கருவியின் சிக்னல் 4-க்கும் 20-க்கும் நடுவில் நியாயமான அளவு போலவே இருந்திருக்கும். வயர் அறுந்தால் பிடிக்கலாம், பொய் சொன்னால்? அதுக்கு ஒரே வழி குறுக்குக் கேள்வி. பம்ப் ஓடுது, வால்வு திறந்திருக்கு, மட்டம் பத்து நிமிஷமா நகரலை என்றால் யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க. பெயிண்ட் டேங்கில் இதை எழுத பி.எல்.சி.யில் சில வரிதான் ஆகும். கூடவே, கடைசிப் பாதுகாப்பு சுவிட்ச் வேறு கருவியாக, வேறு வயரில் இருக்கணும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிஜமாகவே சோதிச்சுப் பார்க்கணும். வேலைக்கே வராத காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது இல்லையா?

டான்வர்ஸ்: கூப்பிட யாருமே இல்லாத இரவு

இனி பெயிண்டுக்கே வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்ற ஊர். மையும் பெயிண்டும் தயாரிக்கிற ஒரு கட்டடம், சுற்றிலும் வீடுகள். 2006 நவம்பர் 22, அதிகாலை மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது வெடித்தது. ஆலை தரைமட்டம். பக்கத்தில் இருந்த வீடுகளும் கடைகளும் பலவும் சேதம். உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. தூங்கிக்கிட்டிருந்த அக்கம்பக்கத்தார் சிலர் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரிச்சது. ஹெப்டேனும் ஆல்கஹாலும் கலந்த ஒரு டேங்கை நீராவியால் சூடாக்கிக் கலக்கிக்கிட்டிருந்தாங்க. நீராவி வால்வு கையால் திருப்புவது. ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போது அது மூடப்படாமல் இருந்திருக்கணும் என்பது வாரியத்தின் முடிவு. கலவை இரவு முழுக்கச் சூடாகிக்கிட்டே இருந்தது, ஆவி வெளியே வந்தது. கட்டடத்தின் எக்ஸாஸ்ட் ஃபேன்களை ராத்திரியில் நிறுத்துவது வழக்கம், சத்தத்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று. ஹெப்டேன் ஆவி காற்றைவிடக் கனமானது; மேலே போகாது, தரையோடு பரவும். ஒரு பொறி போதுமானதா இருந்தது.

இந்தப் பதிவில் இதுவரை சொன்னதை வைத்து அந்த இரவை மறுபடி ஓட்டிப் பாருங்க. வெப்பமானி ஒரு எல்லையைத் தாண்டியதும் நீராவியை வெட்டுகிற வால்வு இருந்திருந்தால்? காற்று ஓடாதபோது சூடாக்கவே அனுமதிக்காத ஒரு பூட்டு இருந்திருந்தால்? எவையுமே புது விஞ்ஞானம் இல்லை. ஒரு வெப்பமானி, ஒரு சுவிட்ச், ஸ்பிரிங்கால் மூடும் ஒரு வால்வு.

இன்னொன்றும் கவனிக்கணும். அங்கே *அலாரம்* மட்டும் வைத்திருந்தால் போதுமா? போதாது. ராத்திரி மூணு மணிக்கு யார் கேட்கிறது? அலாரம் என்பது ஒரு மனுஷனிடம் வைக்கும் வேண்டுகோள். ஆள் இல்லாத இடத்தில், அல்லது ஆள் செயல்பட நேரம் இல்லாத இடத்தில், வேண்டுகோளால் பயனில்லை; மிஷின் தானே தன்னைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோகணும். எங்கே அலாரம், எங்கே தானியங்கி நிறுத்தம் என்று பிரிப்பதற்கு நான் வைத்திருக்கிற கேள்வி இதுதான்: "இதைக் கேட்கிற ஆள் யார், அவர் என்ன செய்யணும், செய்ய எத்தனை நிமிஷம் இருக்கு?" மூணுக்கும் பதில் இருந்தால் அலாரம். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், ஆபத்து இருக்கிற இடம் என்றால் தானாக நிற்கணும். ஆபத்து இல்லாத இடம் என்றால் பதிவேட்டில் ஒரு வரி போதும்.

கடைசியா ஒரு பட்டியல்

சின்ன ஆலை வைத்திருக்கிறவங்க, அங்கே வேலை பார்க்கிறவங்க, இந்தத் துறையில் புராஜெக்ட் செய்கிற மாணவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் அஞ்சு கட்டம் போடுங்க. அலாரத்தின் பெயர், எதனால் வரும், கவனிக்காவிட்டால் என்ன ஆகும், ஆபரேட்டர் என்ன செய்யணும், எவ்வளவு நேரத்துக்குள். உங்க மிஷினில் இருக்கிற ஒவ்வொரு அலாரத்தையும் அதில் எழுதிப் பாருங்க. நாலாவது கட்டம் காலியா இருக்கிற வரிகளை எண்ணுங்க. அத்தனையும் ஹூட்டருக்குத் துணி அடைக்க வைக்கிறவை.

பட்டியலை எழுதும்போது ஷிஃப்டில் நிற்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைச்சுக்கங்க. எந்தச் சத்தம் பொய், எது நிஜம் என்று ஆபீஸில் இருப்பவரைவிட அவருக்கு நல்லாத் தெரியும். கேட்டால் சொல்வார்.

இந்த மிஷின்களில் நேரடியா வேலை பார்த்தவங்க யாராவது படிச்சால், உங்க ஆலையில் அதிகமா அடிக்கிற அலாரம் எது, அதை எப்படி அடக்கினீங்க என்று எழுதுங்க. அடுத்த குறிப்பில் நிறப் பொருத்தத்தின் பக்கம் போகலாம்னு இருக்கேன்: ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒரு நிறத்தை எப்படி மூணு எண்ணாக மாற்றுது, அந்த எண் எப்படி மறுபடி இத்தனை கிராம் சாயமாக மாறுது என்று.